ஜீப் வரும் வரைக்கும்

இதை எழுதலாமா என்று தம்பியிடம் கேட்டபோது, முதலில் எழுதிக் கொடு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். படித்தவன் இரண்டு வரிகளை அடித்தான். ஊர்ப் பெயரை எடுத்துவிடச் சொன்னான். ஆகவே, கொடைக்கானலுக்கு மேற்கே மேல்மலையில், மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று நீளும் பகுதியில் எங்கள் ஊரும் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் பள்ளி ஆசிரியை. தம்பி மலைப்பூண்டு விவசாயி. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மழையில் மின்சாரம் போயிருந்த ஓர் இரவில், அவன் உயிரைக் காத்து அவனை மலையிறக்க வேண்டிய நிலை எனக்கு வந்தது. அன்று நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவை, கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய சொற்களில் கேட்காத பிழைகள். அதனால்தான் எழுதுகிறேன்.

மலைப்பூண்டைப் பிடுங்கியவுடன் அப்படியே வைத்துவிட முடியாது. கட்டுக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டிப் புகை போட வேண்டும். புகை ஏறிய பூண்டுதான் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அந்த ஆண்டு தம்பி வீட்டில் பூண்டு தொங்கியது, கீழே பத்து நாட்களாக நெருப்பு இல்லை. மழை ஈரத்தில் கட்டுகளின் அடிப்பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்ததைப் பார்த்த பிறகும், வடுகபட்டிச் சந்தையில் விலை விழுந்துவிட்ட வருத்தத்தில் இருக்கிறான், விலை ஏறினால் சரியாகிவிடுவான் என்றே நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். அவன் விடிவதற்கு வெகுநேரம் முன்பே, இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து, வாசற்படியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பியது. ஒரு சனிக்கிழமை டீக்கடைப் பாக்கியை முழுவதும் கொடுத்துத் தீர்த்தான். பக்கத்துத் தோட்டத்தில் இரவல் வாங்கியிருந்த மருந்தடிக்கும் எந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தான். பட்டாவும் வங்கிப் புத்தகமும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று மனைவியிடம் காட்டினான். மகனுக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது என்று அம்மா மகிழ்ந்தார். கணக்கை முடிக்கிறான் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவன் மனைவிக்கு மட்டும் உறைத்தது. அன்றிரவு ஒன்பது மணி வாக்கில் டார்ச் விளக்கோடு மழையில் நனைந்துகொண்டு என் வீட்டுக்கு வந்து, "மதினி, எனக்குப் பயமா இருக்கு, நீங்க வந்து அவருகிட்ட பேசுங்க" என்றாள். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். விலை, மழை, பிள்ளைகளின் படிப்பு என்று கால் மணி நேரம் சுற்றி வளைத்தேன். கேட்க வேண்டிய கேள்வி தொண்டையிலேயே நின்றது, ஏனென்றால் அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே விதைத்ததாகிவிடும் என்று நினைத்தேன். இந்த அச்சம் தவறானது என்றும், நேராகக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடுவதில்லை என்றும், தனியே சுமந்ததை இறக்கிவைக்க அந்தக் கேள்வியே பலருக்கு வழியாகிறது என்றும் பிறகு மனநல மருத்துவர் விளக்கினார். அன்று எனக்கு அது தெரியாது; வேறு வழியில்லாமல்தான் கேட்டேன். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "ஆமா, நாலு நாளா" என்றான். எப்படி என்பதையும் யோசித்து வைத்திருந்தான். அழவில்லை. கேட்டதும் அவன் தோள்கள் சற்றுத் தளர்ந்தன என்பது இன்றும் நினைவில் இருக்கிறது.

எங்கள் மேல்மலையில் கைப்பேசிக்குச் சிக்னல் எல்லா வீட்டிலும் கிடைக்காது. பேருந்து நிறுத்தத்துக்கு மேலே, சாலை வளையும் இடத்தில் ஒரு மதில் இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும். என் கணவரையும் தம்பி மனைவியையும் அவன் இரு பக்கத்திலும் உட்காரவைத்துவிட்டு அந்த மதிலுக்குப் போய், ஜீப் வைத்திருக்கும் பக்கத்துத் தெரு அண்ணனை அழைத்து, "தம்பிக்கு மனசு சரியில்லை அண்ணே, கொஞ்சம் கொடைக்கானல் வரைக்கும் போகணும்" என்றேன். விடிகாலையில் கேரட் மூட்டை ஏற்ற வேண்டியிருக்கிறது, காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று அவர் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. எங்கள் பேச்சில் 'மனசு சரியில்லை' என்பது, மாமியாரோடு சண்டை போட்ட மருமகளுக்கும் தேர்வில் தோற்ற பிள்ளைக்கும் சாவின் விளிம்பில் நிற்பவனுக்கும் ஒன்றுபோலப் பயன்படும் சொல். கேட்பவர் அதில் லேசான பொருளை எடுத்துக்கொள்வது இயல்பு. சொல்பவரும் லேசாகத் தெரியட்டும் என்றுதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார். நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்து 14416-ஐ அழைத்தேன். டெலிமானஸ் என்ற இந்தத் தொலைபேசி மனநலச் சேவை 2022 அக்டோபரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பள்ளியில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் அந்த எண்ணைத் தினமும் பார்த்திருந்ததால் நினைவில் இருந்தது. எடுத்த பெண் ஆறுதல் எதுவும் சொல்லாமல் நேராகக் கேள்விகள் கேட்டார். இப்போது அவரோடு யார் இருக்கிறார்கள், வீட்டில் பூச்சி மருந்து இருக்கிறதா, மது அருந்தியிருக்கிறாரா, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, விடியும் வரை காத்திருக்க வேண்டாம், ஒரு நிமிடம்கூட அவரைத் தனியே விடாதீர்கள், கழிப்பறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே ஒருவர் நிற்கட்டும், வாகனக்காரரிடம் என்ன நிலைமை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்.

ஜீப் அண்ணனை மறுபடி அழைத்து, "அண்ணே, தம்பி உயிருக்கு ஆபத்து, இப்பவே கிளம்பணும்" என்றேன். இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். அதே மனிதர், அதே இரவு, அதே தம்பி. 108-க்கும் அதே சொற்களில் சொன்னேன். ஆம்புலன்ஸ் மேல்மலைக்கு ஏறி வந்து சேர நேரமாகும் என்பதால், நாங்கள் ஜீப்பில் இறங்கிக்கொண்டிருப்பது, அவர்கள் எதிரே ஏறி வருவது, எந்த இடத்தில் சந்தித்தாலும் அங்கே மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. மலையில் வாழ்பவர்கள் இந்த ஏற்பாட்டைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊர் வாசலுக்கு ஆம்புலன்ஸ் வரும் வரை உட்கார்ந்திருந்தால் மருத்துவமனையை அடையும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

ஜீப் வரும் வரைக்குமான அந்த இருபது நிமிடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, செய்தி கேட்டு வந்தவர், இது காத்து கருப்பு வேலை, நாளைக்குக் கோடாங்கியை வரவழைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வாசலை மறித்தார். படித்தவள் என்ற மிடுக்கில் நான் அவரிடம் கத்தினேன். தம்பி மனைவி என்னைவிடப் புத்திசாலி. "திருநீறு மட்டும் இப்ப போட்டுவிடுங்க சித்தி, மத்ததை வந்து பாத்துக்கலாம்" என்றாள். அத்தை திருநீறு போட்டுவிட்டு, தன் கம்பளியை எடுத்து அவன் மேல் போர்த்தி, ஜீப்பின் பின்னிருக்கையில் அவன் கையைப் பிடித்தபடி கூடவே ஏறிக்கொண்டார். மறுநாள் மதியம் வரை அந்தக் கையை விடவில்லை. தனியே விடாதீர்கள் என்று தொலைபேசியில் அந்தப் பெண் சொன்னதை எங்களில் முழுமையாகச் செய்தவர் அத்தைதான்.

பனிமூட்டத்தில் காட்டெருமைகள் சாலையின் நடுவே நின்றதால் இரண்டு இடத்தில் விளக்கை அணைத்துக் காத்திருக்க நேர்ந்தது. ஆம்புலன்ஸில் ஏறியதும் உதவியாளர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். நள்ளிரவைத் தாண்டி மலையிலேயே உள்ள ஒரு மருத்துவமனையை அடைந்தோம். அங்கே நான் மீண்டும் பழைய பிழையைச் செய்தேன். "டிப்ரஷன் மாதிரி இருக்குங்க" என்றேன். இங்கே மனநல மருத்துவர் இல்லை, குறிப்பிட்ட நாளில்தான் வருவார், கீழே கொண்டு போங்கள் என்று, அவன் நாடியைக்கூடப் பார்க்காமல், முகப்பில் இருந்தவர் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே ஜீப்பை ஓட்டி வந்திருந்த அண்ணன் தான் குரலை உயர்த்தினார்: "சாகப் போறேன்னு சொல்ற ஆளுங்க. நெஞ்சுவலின்னு வந்தா இப்படித்தான் அனுப்புவீங்களா?" உள்ளேயிருந்து இளம் மருத்துவர் ஒருவர் எழுந்து வந்தார். அவனை உட்காரவைத்துப் பேசி, பரிசோதித்து, பதற்றம் தணிய ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கவனிப்பில் வைத்திருந்து, கீழே உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி, கடிதமும் எழுதிக் கொடுத்தார். முகப்பில் இருந்தவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் குறையே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும்.

அந்த இளம் மருத்துவர் செய்தது தயவு அல்ல, சட்டம் சொல்லும் வேலை என்பது பல மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 94-ஆம் பிரிவில், உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருக்கும்போது பதிவு பெற்ற எந்த மருத்துவரும், மனநல மருத்துவராக இருக்க வேண்டிய தேவையின்றி, அவசரச் சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது. நோயாளியை அருகிலுள்ள மனநலச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டு சேர்ப்பதும் அந்த அவசரச் சிகிச்சைக்குள் அடங்கும். நோயாளியின் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர் அங்கே இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். இந்தச் சிகிச்சைக்கு 72 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். மின் அதிர்வுச் சிகிச்சையை இதன் பெயரால் கொடுக்கக் கூடாது என்றும் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நிபுணர் மலைக்குக் கீழே இருக்கலாம், ஆனால் முதல் உதவி மலையிலேயே தொடங்கலாம் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை. எங்கள் பகுதியில் இதைத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று தேடிப் பார்த்தேன். பள்ளியில் உடன் பணியாற்றும் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வழியெல்லாம் என் கணவரை வாட்டியது வேறொரு கவலை. சாக நினைத்தான் என்று எழுதிவிட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும், வயிற்றுவலி என்று சொல்லிவிடலாம் என்று காதருகே சொல்லிக்கொண்டே வந்தார். மலையில் பல குடும்பங்கள் இந்த அச்சத்தாலேயே மருத்துவரிடம் பொய் சொல்லி, தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன. எண்ணம் வந்தது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. முயற்சி செய்தவர்களைப் பொறுத்தும், அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கப்படாத வரை அவர்கள் கடும் மன அழுத்தத்தில் இருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும், அதற்காக வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று சொல்கிறது. முயற்சி நடந்த பின் கொண்டு வருபவர்களை மருத்துவமனை தன் ஏட்டில் பதிந்து காவல் நிலையத்துக்குத் தகவல் தரும் வழக்கம் உண்டு. அது பதிவு, தண்டனை அல்ல. தெருவில் அலைபவர்களைக் காவல் துறையினர் கண்டாலும் லாக்கப்பில் அடைக்காமல் மருத்துவமனைக்குத்தான் கொண்டு போக வேண்டும். எதற்காகவும் யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில், சங்கிலியோடு கிடந்த 28 பேர் தீயில் இறந்ததை அறிந்த தலைமுறை நாங்கள். ஆயினும் அந்த இரவில் தம்பியைக் கட்டிலோடு கட்டிவைக்கலாமா என்று ஒருவர் கேட்கத்தான் செய்தார்.

வத்தலக்குண்டு வரை மலைப்பாதை. அதன் பிறகு திண்டுக்கல், தேனி, மதுரை என்று எந்தப் பக்கம் போனாலும் மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் எங்கள் பெயர் முன்பே சொல்லப்பட்டிருந்ததால் காத்திருக்கவில்லை. நேராக மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் தலையில் அடிபட்டதா, காய்ச்சல் உண்டா, தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாரா என்று துருவித் துருவிக் கேட்டார், இரத்தமும் எடுத்தார். குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் சிலருக்குக் கை நடுங்கி, இல்லாதவை கண்ணில் தெரிந்து, ஆள் அடையாளம் குழம்பிப்போகும். அதை மனநோய் என்றோ பேய் என்றோ வீட்டில் வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று அவர் சொன்னபோது, எங்கள் ஊரில் கோடாங்கியிடம் கொண்டு போகப்பட்ட இரண்டு மூன்று முகங்கள் என் கண்முன் வந்தன.

சேர்க்கைப் படிவத்தை மருத்துவர் என்னிடமோ என் கணவரிடமோ நீட்டவில்லை, தம்பியிடம் நீட்டினார். எதற்காகச் சேர்க்கிறோம், என்ன மருந்து, எவ்வளவு நாள் ஆகலாம் என்று அவனிடமே விளக்கி, புரிந்ததா என்று கேட்டு, அவன் தலையசைத்த பிறகு பேனாவைக் கொடுத்தார். நிலைமையைப் புரிந்துகொண்டு தானாகச் சேர விரும்பும் வயது வந்தவருக்கு வேறு யார் சம்மதமும் தேவையில்லை என்பதும் சட்டத்தில் இருப்பதுதான். நான்கு நாட்களாகத் தன்னை ஒன்றுக்கும் உதவாதவனாக எண்ணிக்கொண்டிருந்தவன், கோணலாக இருந்தாலும் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டான். இந்த வரியை அடித்துவிடுவானோ என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

பதினொரு நாட்கள் இருந்தான். மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், அதுவரை கவனமாக இருங்கள், மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மட்டும் கையில் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மலைக்கு வரும் நாளில் போய்ப் பார்த்துக்கொள்கிறான். அதற்கே அரை நாள் வேலை கெடுகிறது என்று முணுமுணுப்பான்.

பூச்சி மருந்து தோட்டத்து விவசாயியின் வீட்டில் இல்லாமல் இருக்காது. அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உச்சத்தில் இருக்கும் உந்துதல் பெரும்பாலும் குறுகிய நேரமே நிற்கும், அந்த நேரத்தில் வழி அடைபட்டிருந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு, காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான ஓர் அறையில், ஆளுக்கொரு பெட்டியில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது. எங்கள் ஊருக்கு அப்படி அறை இல்லை. ஜீப் அண்ணனின் கொட்டகையில் இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி வைத்தோம். சாவி அவர் மனைவியிடம் இருக்கிறது. மருந்தடிக்கும் நாளில் தம்பி போய்க் கேட்டு வாங்கி, மீதியைத் திருப்பி வைக்கிறான். முதல் பருவத்தில் அவனுக்கு அது அவமானமாக இருந்தது. இப்போது வேறு நான்கு வீட்டு மருந்தும் அதே பெட்டியில் இருப்பதால், யாருக்காக அது வாங்கப்பட்டது என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

தம்பி வீட்டுப் பீரோக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 14416, 108, ஜீப் அண்ணன் எண், என் எண், மாத்திரைகளின் பெயர், கடைசியாகப் பார்த்த மருத்துவரின் சீட்டு இருக்கும் இடம் ஆகியவற்றோடு, தொலைபேசியில் என்ன சொல்ல வேண்டும் என்ற வாக்கியத்தையும் எழுதியிருக்கிறோம்: "உயிருக்கு ஆபத்து, தனியே விட முடியாத நிலை, உடனே வண்டி வேண்டும்." அதன் கீழே தம்பி தன் கையால் சேர்த்த வரி ஒன்று உண்டு: "மூன்று நாள் தூக்கம் இல்லை என்றால் நானே சொல்லிவிடுவேன்."

போன ஆவணியில் ஒருநாள் அதிகாலை நான்கு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. தம்பிதான் நின்றான், ஸ்வெட்டர் போட்டு, குல்லா மாட்டி, மருத்துவமனைக் கோப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அக்குளில் இடுக்கியிருந்தான். "அக்கா, மூணு நாளாச்சு. மதிலு மேல ஏறி அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன், வந்துக்கிட்டு இருக்காரு. நீயும் வர்றியா, இல்ல ஸ்கூலுக்கு நேரமாயிருமா?" என்றான். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வளைவில் ஜீப்பின் விளக்கு தெரிந்தது.